கோப்பைத் திறந்தவர்கள் இருவர்

செம்பூர்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள சஃப்ரீன்,

பேனா பிடித்துக் கடிதம் எழுதி எத்தனை வருடம் ஆயிற்றோ. என் வீட்டுக்காரர் ரெனால்ட் மளிகைச் சாமான் குறித்து வைக்கும் நோட்டிலிருந்து தாள் கிழித்திருக்கிறேன், ஓரம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என் எண்ணை நீ ப்ளாக் செய்துவிட்டாய். ஆபீஸ் சர்வரில் தேடினால் உன் பெயர் சாம்பல் நிறத்தில் வருகிறது. அப்படிச் சாம்பலாக்கியவளும் நான்தான். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை மூடுவது என் வேலை. மூடலாமா என்று அது இரண்டாம் முறை கேட்டபோது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு மூடிவிட்டேன்.

நாலு வருடம் ஒரே ரயிலில் ஐரோலிக்குப் போய் வந்தோம். நீ தாராவியிலிருந்து குர்லா வந்து ஏறுவாய், நான் செம்பூரில் ஏறுவேன். நீ கப்பல் சரக்குப் பத்திரங்களைச் சரிபார்க்கும் செக்‌ஷனில், நான் மூன்று மாடி மேலே சர்வர் அறையில். இருந்தாலும் அந்த சர்வரின் உரையாடல் பெட்டியில் நாள் முழுக்கத் தமிழில் வம்பளப்போம். வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது என்ற தைரியம்.

பிப்ரவரியில் உன் புகார் வெளியே வந்து ஆபீஸ் முழுக்கப் பேச்சானபோது நான் உன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. நீயே அதை வெளியே விட்டுவிட்டாய் என்று, பெண்களின் புகாரை விசாரிக்கும் ஆபீஸ் கமிட்டி எழுதி, புகாரையும் மூடியபோதும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதில் பேச இடமில்லை என்று நினைத்தேன். அது தவறு. மன்னித்துக்கொள்.

குர்லாவில் எனக்குத் தெரிந்த கம்பெனி ஒன்றில் உன் மாதிரி அனுபவம் உள்ளவரைத் தேடுகிறார்கள். உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். போய்ப் பார்.

நாளை ஈஸ்டர். இன்று கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வரிசையை விட்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே. உன் வாப்பா, உம்மா, ஷைஸ்தா எல்லாரும் நலமா?

ஆனி

*

தாராவி
28 ஏப்ரல் 2025

ஆனி மேடத்துக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் வாப்பாவின் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போனார். வாப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்னளா இது, கோர்ட்டுக் காயிதமா?” என்றார். பழைய சிநேகிதி எழுதியிருக்கிறாள் என்றேன். சொன்ன பிறகு வாய் கசந்தது.

வேலை வேண்டாம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டாதீர்கள். பேச இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இடம் இருந்ததே மேடம், பேசவும் செய்தீர்களே! கமிட்டி அறிக்கை, நாலாவது பக்கம்: “கோப்பைத் திறந்தவர்கள் இருவர். ஸ்மிதா, சஃப்ரீன்.” கீழே உங்கள் பெயர், பதவி, தேதி. ஸ்மிதா மேடம் கமிட்டியின் தலைவி, அவர் வெளியே விட்டிருக்க மாட்டார். மிச்சம் நான். இந்தக் கழித்தல் கணக்கைப் போட எந்தக் கமிட்டிக்கும் பெரிய மூளை வேண்டாம்.

டைப் செய்தால் எந்த மெஷினிலாவது தங்கிவிடும் என்று பயந்து, அந்தப் புகாரை நான் கையால் எழுதினேன். இங்கிலீஷில், குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. உறையில் போட்டு ஸ்மிதா மேடத்தின் கையில் கொடுத்தேன். அவர் ஸ்கேன் செய்து சர்வரில் கமிட்டியின் பூட்டிய பெட்டியில் வைத்து, எனக்கும் ஒரு பிரதி பார்க்க வழி செய்து கொடுத்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிப்ரவரி ஆறாம் தேதி மதியம் கேன்டீனில் எல்லார் போனிலும் இரண்டு வரி ஓடியது. “பயிற்சி அறையின் கதவைச் சாத்திவிட்டு அவர் என்...” அதற்கு மேல் மூன்று புள்ளி. என் வாக்கியத்தை நான் முடித்திருந்தேன் மேடம். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார், நான் உதறிவிட்டுக் கதவைத் திறந்து வந்துவிட்டேன் என்றுதான் எழுதியிருந்தேன். பார்த்தவர்கள் அவரவர் மனசுக்கு ஏற்ற மாதிரி முடித்துக்கொண்டார்கள். அந்த ஆளின் பெயரை என் காகிதத்தில் எழுத மாட்டேன். அவர் இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறார் என்று கேள்வி.

ஷைஸ்தா நலமா என்று கேட்டீர்கள். தெரியாது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது என் தங்கை ஒருத்திதான் கூட இருந்தாள். எங்கள் தெரு ராஹில் நம் ஆபீஸில் டிரான்ஸ்போர்ட் செக்‌ஷன், அவளுக்குச் சிநேகிதன். அவள்தான் போனில் படம் எடுத்து அவனிடம் காட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? இல்லை இல்லை என்று அவள் சத்தியம் செய்யச் செய்ய எனக்குக் கோபம் ஏறியது. உம்மாவின் முன்னால் அறைந்துவிட்டேன். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு குர்லாவில் பெரியம்மா வீட்டுக்குப் போனவள், பெருநாளைக்குக்கூட வரவில்லை.

சில நாள், நானே தூக்கக் கலக்கத்தில் யாருக்காவது அனுப்பித் தொலைத்தேனோ என்றும் தோன்றுகிறது. என்னையே என்னால் நம்ப முடியவில்லை. மேல்முறையீடு செய்ய ஜூன் எட்டு வரை நேரம் இருக்கிறது. வக்கீல் அப்துல் ரவூப் மாமா, “எப்படி வெளிய போச்சுன்னு நம்மளால சொல்ல முடியலன்னா அங்கயும் இதே கததாம்மா” என்கிறார்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் எழுதவே வேண்டாம்.

சஃப்ரீன்

*

செம்பூர்
4 மே 2025

சஃப்ரீன்,

தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும். நீ யாருக்கும் அனுப்பவில்லை. ஷைஸ்தா படம் எடுக்கவில்லை. அந்த இரண்டு வரியை ஆபீஸ் முழுக்கக் காட்டியது நான் எழுதிய தேடல்.

உனக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். நம் சர்வரில் லட்சக்கணக்கில் ஸ்கேன் செய்த தாள்கள் குப்பையாகக் கிடந்தன. எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. படத்தில் இருக்கும் எழுத்தையும், கையெழுத்தையும்கூடப் படித்து, எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது வரும் தாளை எடுத்துக் கொடுக்கிற ஒரு புதுத் தேடலை ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினேன். உன்னிடம்கூடப் பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? சர்வரோடு வரும் சாமான் இல்லை, அதன்மேல் நானே கட்டிச் சேர்த்தது. அதில் ஒரு பெருமை.

தேடுகிறவருக்கு எந்தப் பெட்டியைப் பார்க்க அனுமதி இருக்கிறது என்று ஒவ்வொரு தாளுக்கும் சோதிக்க வேண்டும். சோதித்தால் ஆமை வேகம். பிப்ரவரி நாலாம் தேதி எம்.டி. எல்லாருக்கும் முன்னால் அதைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. அதனால் என் அட்மின் கணக்கைக் கொண்டே தாள்களையெல்லாம் படிக்க வைத்தேன். அந்தக் கணக்கு எல்லாக் கதவையும் திறக்கும், கமிட்டியின் பெட்டியையும் திறக்கும். அனுமதிச் சோதனையை அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆறாம் தேதி வியாழக்கிழமை யாரோ பயிற்சி அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடியிருக்கிறார்கள். உன் வரிகள் வந்து நின்றன. ஒருவர் சொல்லி அடுத்தவரும் தேட, திரையைப் படம் எடுத்துப் போனிலும் அனுப்பியிருக்கிறார்கள். மதியம் எனக்குத் தெரிய வந்ததும் தேடலை நிறுத்தினேன்.

அப்புறம் ஸ்மிதா மேடம் ஒரே ஒரு வரியில் கேட்டார்: இந்தக் கோப்பை யார் யார் திறந்தார்கள்? பார்த்தேன். கோப்பை வேறு யாரும் திறக்கவில்லை. திறக்காமலேதான், தேடல் காட்டிய பட்டியலிலேயே, எல்லாரும் இரண்டு வரி படித்தார்கள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அந்த இரண்டு பெயர்தான். எழுதி அனுப்பினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பொய்யே தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரெனால்டிடம் சொன்னேன். அணுசக்தி நகரில் இருபது வருடமாக அறிக்கை எழுதுகிற மனிதர். “கேட்டதுக்குப் பதில் சொன்ன. கேக்காததுக்கு எவனாச்சும் போயிப் பதில் சொல்வானா?” என்றார். எனக்கு அது மருந்து மாதிரி இருந்தது. தினமும் காலையில் ஒரு வேளை சாப்பிட்டேன். உன் கடிதத்தில் ஷைஸ்தாவைப் பற்றிப் படித்ததிலிருந்து அது வேலை செய்யவில்லை. ஒரு சின்னப் பெண் செய்யாததற்கு அடி வாங்கியிருக்கிறாள், அந்தக் கை என்னுடையது என்றுதான் படுகிறது.

போன ஞாயிறு சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்க முடியுமா சஃப்ரீன்?

ஆனி

*

தாராவி
12 மே 2025

ஆனிக்கா,

மேடம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மேடத்திடம் இவ்வளவு கோபப்பட முடியாது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றே குர்லாவுக்குப் போனேன். ஷைஸ்தாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், அதனால் நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பெரியம்மா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டாள். கடைசி வரி வரைக்கும் ஷைஸ்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, பார்த்தியா, எல்லாம் அந்த சர்வரால் வந்த வினை என்றேன்.

“லாத்தா, சர்வர் என்னய அடிக்கல. நீதான் அடிச்ச. அவ்ளோதான், பஸ்” என்று இந்தியில் முடித்தாள்.

அப்படியே எழுந்து குளிக்கப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வெளியே வரவில்லை. ஆகவே அவளை அடித்த கை உங்களுடையது என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது என் கை. என் பாவத்திலும் பங்கு கேட்கிறீர்களே, அதற்கும் பேராசையா?

மன்னிப்பு கேட்டிருக்கிறீர்கள். சாமியாரிடம் சொன்னீர்கள், என்னிடம் சொன்னீர்கள். இரண்டு பேரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்த இடம். உங்கள் வீட்டு ஆள் சொன்ன மருந்து முடிந்ததும் என்னிடம் வேறு மருந்து கேட்கிறீர்கள். என்னிடம் இருந்தால் கொடுப்பேன், எனக்கே இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இதே விஷயத்தை இங்கிலீஷில், கமிட்டிக்கு, உங்கள் பதவியும் கையெழுத்தும் போட்டு எழுதுங்கள். “ரெண்டு பேர்” என்று எழுதிய அதே கை எழுத வேண்டும். தமிழில் எழுதிய சிநேகிதியின் கடிதத்தைக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பான் என்கிறார் ரவூப் மாமா. அன்றைக்கு யார் யார் கண்ணில் அந்த வரிகள் பட்டன என்று சர்வரில் பதிவு இருக்குமாமே? அதுவும் வேண்டும் என்கிறார்.

வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோல் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் புள்ள எழுதித் தருமா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

சஃப்ரீன்

*

செம்பூர்
24 மே 2025

சஃப்ரீன்,

பன்னிரண்டு நாள் பதில் போடவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

பதிவு இருக்கிறது. நாங்கள் லாக் என்போம். தேடியவர் பெயர், தேடிய சொல், நேரம், கண்ணுக்குக் காட்டப்பட்ட வரி, எல்லாம் அதில் இருக்கும். ஆனால் நூற்றிருபது நாள்தான் இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளின் பதிவும் தானாக அழிந்துபோகும். வட்டு நிரம்பாமல் இருக்க நானே வைத்த விதி. பிப்ரவரி ஆறாம் தேதியின் பதிவு ஜூன் ஆறாம் தேதி அழியும். அதற்குள் ‘நிறுத்தி வை’ என்று ஒரு பட்டனை அழுத்தினால் போதும், அழியாது. அழுத்தினேன். அழுத்திய பத்து நிமிஷத்தில் எடுத்தும் விட்டேன். மறுநாளும் அதே கூத்து. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

என் மேலதிகாரி கிருஷ்ணா சாரிடம் வாயால் சொன்னேன். மாட்டுங்காக்காரர், ரொம்ப நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். கதவைச் சாத்திவிட்டு, “ஆனி, நாமளா ஒண்ணும் அழிக்கலையே. ரூல் இருக்கு, அது பாட்டுக்குப் போறது. போற வண்டிய எதுக்குக் கையக் காட்டி நிறுத்தறே?” என்றார். அடுத்த மாதம் பூனே கிளைக்கும் இதே தேடலைக் கொண்டுபோகிறார்களாம், என்னைத்தான் பொறுப்பாகப் போடுகிறார்களாம். அதே மூச்சில் சொன்னார். அவர் லஞ்சமாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

செய்கிறேன் சஃப்ரீன். ஜூன் நாலாம் தேதி, புதன்கிழமை, பதிவை நிறுத்தி வைத்து அச்செடுத்து, கமிட்டிக்கும் எழுதுகிறேன். நிச்சயம். அதற்கு முன்னால் முடியாது, ஆனால் உனக்கு வேண்டியது எதுவும் போகாது. என்னை நம்பு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஆனி

*

தாராவி
29 மே 2025

ஆனிக்கா,

ஜூன் எட்டு ஞாயிறு. ஏழாம் தேதி பக்ரீத். ரவூப் மாமா ஐந்தாம் தேதி வியாழக்கிழமை மனுவைக் கொடுத்துவிடுவார். நீங்கள் புதன்கிழமை கொடுத்தால் அதோடு போகும். கொடுக்காவிட்டால், எப்படி வெளியே போனது என்று எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுப்பேன். உங்கள் பெயரை இழுக்க மாட்டேன். தெரிந்ததைத் தெரியாது என்று எழுதுவது எனக்குப் புதுசு, பழகிக்கொள்கிறேன்.

ஏன் புதன்கிழமை? இன்றைக்கு அழுத்தினால் அந்தப் பட்டன் கடிக்குமா?

இதற்கு மேல் கெஞ்ச மாட்டேன்.

சஃப்ரீன்

*

செம்பூர்
2 ஜூன் 2025, திங்கள்

சஃப்ரீன்,

இது ரெனால்ட் கையால் வருகிறது. தபாலை நம்பி உட்கார நேரமில்லை. இதோடு இருக்கும் உறையில் கமிட்டிக்கு நான் எழுதிய இரண்டு பக்க அறிக்கையும், லாக்கின் பதினோரு பக்கமும் இருக்கின்றன. புகார் கொடுத்தவருக்கும் நகல் போக வேண்டும் என்று கம்பெனி விதி இருக்கிறதாம். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்மிதா மேடமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போடும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நான் தப்பான கேள்வி கேட்டிருக்கேன், நீயும் அதுக்குச் சரியான பதில் சொல்லியிருக்கே” என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி ஆறாம் தேதி உன் வரிகளைப் பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். ராஹில் பெயர் அதில் இல்லை. அந்தப் பையனிடமும் நீ சொல்ல வேண்டியிருக்கும்.

ஏன் புதன்கிழமை என்று கேட்டாய். நீ லாக்கைப் பிரிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

என் மே நாலாம் தேதிக் கடிதத்தில் ஒரு வரி பொய். வியாழக்கிழமை மதியம்தான் எனக்குத் தெரிய வந்தது என்று எழுதினேன். பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கே எனக்குத் தெரியும். மறுநாள் எம்.டி. முன்னால் தேடல் தடுமாறாமல் ஓட வேண்டுமே என்று ஏதாவது ஒரு பெயரைப் போட்டுச் சோதித்துப் பார்த்தேன். கைக்கு முதலில் வந்தது உன் பெயர். அடித்தேன். பயிற்சி அறையும் கதவும் வந்து நின்றன.

உனக்கு இப்படி நடந்ததா என்று முதலில் நெஞ்சு பதறியது. அது சத்தியம். அடுத்த நிமிஷமே இது எப்படித் தேடலில் வந்தது என்று புரிந்துவிட்டது. அந்த ஒரு பெட்டியை விலக்க வேண்டுமென்றாலும் முழு அட்டவணையையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அப்படித்தான் நான் எழுதி வைத்திருந்தேன். இரண்டு நாள் பிடிக்கும். செவ்வாய்க்கிழமை தொடக்க விழா நடக்காது. நடக்காததற்குக் காரணம் கேட்பார்கள். யார் போய் உன் பெயரைத் தேடப்போகிறார்கள், இந்த வாரம் ஓடட்டும், சனிக்கிழமை சரி செய்துவிடலாம் என்று கணினியை மூடினேன். செவ்வாய்க்கிழமை கைதட்டினார்கள். பூங்கொத்து கொடுத்தார்கள்.

ஆக, லாக்கில் முதல் வரி என்னுடையது. தேதி பிப்ரவரி மூன்று. என் விதிப்படி அது நாளை, ஜூன் மூன்றாம் தேதி, தானாக அழிந்துபோகும். நாற்பத்தொரு பேரின் வரிகளுக்கு ஆறாம் தேதி வரை உயிர் உண்டு. புதன்கிழமை பட்டனை அழுத்தினால் உனக்கு வேண்டியது எல்லாம் இருக்கும், என்னுடையது மட்டும் இருக்காது. உன் வழக்குக்கும் ஒரு குறையும் வராது. நான் கவனக்குறைவான ஆளாக இருப்பேன், தெரிந்தே விட்டவளாக இருக்க மாட்டேன். மறுபடியும் ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லாமல் தப்பிக்க இப்படி ஒரு வழி வைத்திருந்தேன். நாள் எண்ணித்தான் உனக்கு நாலாம் தேதி என்று எழுதினேன்.

உன் கடைசிக் கடிதத்தை ரயிலில் படித்தேன். தெரிந்ததைத் தெரியாது என்று எழுதப் பழகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். என்னிடமிருந்து நீ கற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுவாக இருக்கப்போகிறதே என்று அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மராட்டிக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

இன்று மதியம் மூன்று மணிக்கு அழுத்தினேன். அறிக்கையில் முதல் வரியையும் சொல்லியிருக்கிறேன். அனுப்பிய பதினாலு நிமிஷத்தில் என் அட்மின் கணக்கை எடுத்துவிட்டார்கள். கிருஷ்ணா சார் வந்து, “ஏம்மா இப்படிப் பண்ணே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். என் மேஜையில் இருந்த சாமான்களை ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். விசாரணை முடியும் வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு என்ன என்று எனக்கே தெரியும்.

மன்னிக்கச் சொல்லி இந்தத் தடவை கேட்கவில்லை.

ஆனி

*

தாராவி
5 ஜூன் 2025

ஆனிக்கா,

உங்கள் வீட்டுக்காரர் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார். வாப்பா உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. உறையைக் கொடுத்துவிட்டு, “நான் சொன்ன வார்த்தையும் இதுல ஒரு காரணம்மா” என்றார். டீ குடிக்காமலே போய்விட்டார்.

லாக்கை முந்தாநாளே படித்துவிட்டேன். ராஹில் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஷைஸ்தா பெருநாளைக்கு வருகிறாளாம், என்னிடம் பேசுவாளா என்று சொல்லவில்லையாம்.

அந்த முதல் வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் எனக்குத் தலைவலி என்று உங்கள் தோளில் சாய்ந்து வாஷி வரைக்கும் தூங்கினேன். எனக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு அப்போதே தெரியும். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல்தான் நான் காகிதத்தில் எழுதினேன் அக்கா. நீங்கள் என் பெட்டியைப் பூட்டியிருக்க வேண்டாம். விழா நடந்துவிட்டுப் போகட்டும். “என்னளா ஆச்சு ஒனக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று நாள் இருந்தது. நாற்பத்தொரு பேரும் வேற்று ஆட்கள், அவர்கள் படித்தது எனக்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் படித்தது வலிக்கிறது. இந்த இரண்டும் வேறு என்று இப்போதுதான் தெரிகிறது.

ரவூப் மாமா காகிதங்களைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “எம்மா, இந்த மொதப் பக்கம் நமக்குத் தேவையில்ல. ஆறாந்தேதி பக்கங்களே போதும், கேஸு நிக்கும். மொதப் பக்கத்தக் கொடுத்தா அந்தப் பொம்பளைக்கு வேல போறதோட நிக்காது. அவளும் பாவம், தானா வந்து ஒத்துக்கிட்டிருக்கா. அறிக்கையில ஒரு வரிதான் இருக்கு, அத யாரும் தோண்ட மாட்டாங்க. எடுத்துரட்டா?” என்றார்.

எனக்கும் உங்கள்மேல் இரக்கம் வந்தது. பொய்யில்லை. அவர் மேஜையில் இருந்து முதல் பக்கத்தைக் கையில் எடுத்து மடிக்கக்கூட மடித்தேன். மீதிப் பத்துப் பக்கத்திலும் ஒரு எழுத்து பொய் இருக்காது. நாம் எதையும் அழித்ததாகவும் ஆகாது. கேட்டதற்கு மட்டும் பதில் கொடுத்ததாக ஆகும்.

அப்படித்தானே அக்கா நீங்களும் ஆரம்பித்தீர்கள்?

மடித்த தாளை நீவி வைத்து, பதினோரு பக்கத்தையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சஃப்ரீன்